செகண்ட் செக்கிங் அக்கா

அந்த அக்காவின் பெயரைச் சொன்னால் எங்கள் லைன் வீடுகளிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது. செகண்ட் செக்கிங் அக்கா என்றால் ஊரிகத்திலிருந்து மாரிகுப்பம் வரை தெரியும். அந்தப் பேரை வைத்த புண்ணியவான் நான்தான்.

முதல் செக்கிங் தங்கச் சுரங்கத்துக்காரர்களுடையது. ஷிப்ட் முடிந்து கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் மேலே வந்ததும் எங்களை வரிசையாக நிறுத்தி வாட்ச்மேன் தடவிப் பார்ப்பான். டிபன் டப்பாவைத் திறக்கச் சொல்வான், வாயைத் திறக்கச் சொல்வான், செருப்பைத் தட்டச் சொல்வான். தங்கம் ஒட்டிய கல் எதையாவது ஒளித்து எடுத்துப் போகிறோமா என்று. அதில் தேறி கேட்டுக்கு வெளியே வந்தால் மதில் ஓரமாக அக்கா நிற்பாள். அவள் புருஷன் எங்கள் கேங்குக்கு மேஸ்திரி. அவர் வந்ததும் முழங்கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்துவாள். அவ்வளவுதான். திரும்பி வீட்டைப் பார்க்க நடையைக் கட்டுவாள், அவர் பின்னாலேயே போவார். வாட்ச்மேன் தங்கம் இருக்கிறதா என்று பார்க்கிறான், அக்கா ஆள் இருக்கிறானா என்று பார்க்கிறாள் என்று ஒருநாள் நான் வாய்க்கொழுப்பில் சொல்லிவைக்க, பேர் ஒட்டிக்கொண்டது.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. கல்யாணம் ஆகவில்லை. அப்பா வேலையை விட்டதும் அம்மாவோடு குடியாத்தம் பக்கம் போய்விட்டார். லைன் வீட்டில் நான் மட்டும். சுவருக்கு அந்தப் பக்கம் மேஸ்திரி வீடு. பக்கத்து வீட்டுக்காரன், அதே கேங்கு என்பதால் மேஸ்திரிக்கு அடுத்து என் முழங்கையும் அழுத்தப்படும். சுற்றிலும் என் வயசுப் பசங்கள் நிற்பார்கள். எனக்கு மானம் போகும். "யக்கா, நான் இன்னா கொய்யாப்பழமா, அமுக்கி அமுக்கிப் பாக்கற?" என்று ஒரு தடவை கேட்டேன். அதற்கு அவள் இன்னும் கொஞ்சம் பலமாக அழுத்தினாள்.

கேட்டில் மட்டுமல்ல, எங்கேயும் அப்படித்தான். பங்காருப்பேட்டையிலிருந்து ரயிலில் உறவுக்காரர்கள் வந்தால், அவர்கள் இறங்குவதற்குள் ஜன்னல் வழியாகக் கையை விட்டுத் தொட்டுவிடுவாள். ஆஸ்பத்திரியில் கிடந்தவன் பிழைத்து வந்தால் முதலில் அவன் கை, அப்புறம்தான் விசாரிப்பு. "பாத்தேன்னு சொல்றவன் வேற எவனையாச்சும் பாத்திருப்பான். நான் தொட்டாத்தான் எனக்கு அது ஆளு" என்பாள்.

இதற்குக் காரணம் உண்டு. மேஸ்திரிதான் எனக்குச் சொன்னார். அக்கா சின்னப் பெண்ணாக இருந்தபோது ஒருநாள் பூமி அதிர்ந்தது. ஆழத்தில் பாறை அழுத்தம் தாங்காமல் வெடித்தால் மேலே எங்கள் வீடுகளில் பாத்திரம் உருளும்; ராக்பர்ஸ்ட் என்பார்கள். அவளுடைய நைனா, அவள் அப்பா, சுரங்கத்துக்குள் இருந்தார். யாரோ ஒருவன் அவள் அம்மாவிடம் ஓடிவந்து, "உன் வூட்டுக்காரர் மேல வந்துட்டாரு, குளிச்சிகினு கீறாரு, நான் என் கண்ணால பாத்தேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். அம்மா அழுகையை நிறுத்தி, முகத்தைக் கழுவிக்கொண்டு, களி கிண்ட உலை வைத்தாள். உலை கொதித்தது. நைனா வரவில்லை. வந்து சொன்னவன் பார்த்தது அதே மாதிரி சிவப்புத் துண்டு கட்டிய வேறு ஒருவனை. அவன் பொய் சொல்லவில்லை, பாவம். ஆனால் அன்றிலிருந்து அவள் யார் சொல்லையும் நம்பியதில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த மறு வருஷம் ஒரு பர்ஸ்ட் ஆனது. பெரிதாக யாருக்கும் எதுவும் இல்லை. நாங்கள் எல்லாரும் ஏறி வந்துவிட்டோம். கேட்டுக்கு வெளியே பெண்கள் கூட்டம். அக்கா முன்னால் நின்று, வெளியே வந்த ஒவ்வொருவன் கையையும் தொட்டுத் தொட்டு விட்டுக்கொண்டிருந்தாள். தன் புருஷனைத் தொட்டு முடித்த பிறகும் நகரவில்லை. எங்கள் ஷிப்ட் பாஸ் ஒரு ஆங்கிலோ-இந்தியர், ஆறடி உயரம், யாரிடமும் சிரிக்காதவர். அவர் கையையும் பிடித்து ஒரு அழுத்து. அந்த மனிதர் தொப்பியைக் கழற்றி, "ஓகே மா, ஓகே" என்றார். நாங்கள் அதைச் சொல்லிச் சொல்லி ஒரு மாதம் சிரித்தோம்.

சிரிப்பு நின்றது புதிதாக ஒரு கேட் ஆபீஸர் வந்தபோது. எங்கிருந்தோ மாற்றலாகி வந்தவர். கேட்டுக்கு வெளியே தினமும் ஒரு பொம்பளை தொழிலாளியின் கையைப் பிடிக்கிறாள் என்றால் அவர் கணக்கில் கைக்குக் கை ஏதோ மாறுகிறது. ஒருநாள் அக்காவை நிறுத்தி, மூடிய கையைத் திறக்கச் சொன்னார். திறந்தாள். ஒன்றுமில்லை. முந்தானை முடிச்சை அவிழ்க்கச் சொன்னார். இரண்டு வெற்றிலையும் ஒரு துண்டுப் பாக்கும் இருந்தன. அத்தனை பேர் பார்க்க, அவள் அதைத் தரையில் வைத்துவிட்டு நின்றாள். ஆபீஸர் மேஸ்திரியைத் தனியாகக் கூப்பிட்டு, இன்னொரு தடவை இதைப் பார்த்தால் மேலே எழுதிப்போடுவேன், வேலை போகும் என்றார்.

அன்று சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் மேஸ்திரி குரல் கேட்டது. அவர் குரல் உயர்த்தி நான் கேட்டது அந்த ஒரு நாள்தான்.

"இனிமே கேட்டாண்ட வராத. இன்னாமே, காதுல வுழுதா? முப்பது வருச சர்வீஸு. தங்கம் திருடனான்னு எவனாச்சும் கேட்டா நான் நாண்டுகினு சாவறதா?"

அப்புறம் பாத்திரம் தேய்க்கிற சத்தம்தான் கேட்டது.

மறுநாளிலிருந்து அக்கா கேட்டுக்கு வரவில்லை. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. கூட்டாளிகள் முன்னால் இனி கொய்யாப்பழமாக வேண்டியதில்லை. ஆனால் கேட்டிலிருந்து லைனுக்கு நடக்கக் கால் மணி நேரம் ஆகும். அந்தக் கால் மணி நேரத்தை அக்கா எப்படிக் கழித்தாள் என்பதை நான் காய்ச்சலில் லீவு போட்டு வீட்டில் கிடந்த வாரத்தில் பார்த்தேன். பகல் ஷிப்ட் முடிகிற சங்கு ஊதியதும் அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு வந்து, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். பிடித்த இடத்தில் விரல் வெளுத்துப்போகும். குழம்பு தீயும். மேஸ்திரி வந்து, அவள் கையில் முழங்கையைக் கொடுத்துவிட்டு, தீய்ந்த குழம்பை ஒன்றும் சொல்லாமல் சாப்பிடுவார். ஆறேழு மாதத்தில் அவள் பாதியாக இளைத்தாள். மேஸ்திரிக்கு அது தெரியாமல் இல்லை. ஆனால் வேலையா இவளா என்றால் என்ன செய்வார்? ரிட்டயர் ஆக இன்னும் மூன்று வருஷம் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் சிங்கப்பூர் பயணம் வந்தது. அவர்கள் மகளைச் சிங்கப்பூர் துறைமுகத்தில் வேலை பார்க்கிறவனுக்குக் கொடுத்திருந்தார்கள். ஐந்து வருஷமாகக் கடிதமும் போட்டோவும்தான். பேரன் பிறந்த போட்டோ வந்தபோது அக்கா அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "தொட்டா காயிதம்தான் வருது" என்று என்னிடம் கொடுத்தாள். மருமகன் கப்பல் டிக்கெட் அனுப்பினான். மேஸ்திரி சேர்த்து வைத்திருந்த லீவையெல்லாம் போட்டார். லைனே திரண்டு ஊரிகம் ஸ்டேஷனுக்குப் போய் வழியனுப்பியது.

இரண்டு மாதம் கழித்து வந்தார்கள். வந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வாசலில் ஒரே கூட்டம். கப்பல், கடல், மகள் வீட்டு மாடி எல்லாம் சொல்லி முடித்து அக்கா எக்சிபிஷனுக்கு வந்தாள். இன்று தீம் பார்க் என்கிறார்களே, அதுதான். எங்களுக்கு ராட்டினம் இருந்தாலே எக்சிபிஷன். ஏதோ ஒரு விடுமுறை நாளில் மருமகன் இரண்டு பேரையும் காலையில் அதன் வாசலில் விட்டு, ஐந்து மணிக்கு இதே இடத்தில் நில்லுங்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்.

"நாங்க ரெண்டு பேரும் தனியா ஒரு எடத்துக்குப் போனதே அன்னிக்குத்தான்" என்று ஆரம்பித்தாள். மேஸ்திரி சுவரில் சாய்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார். ராட்டினத்தில் இவர் ஏறமாட்டேன் என்றாராம், கூண்டுக்குக் கதவு சரியில்லை, நம்ம கேஜ் இதைவிட மேல் என்று. கண்ணாடி மண்டபத்தில் இவர் குண்டாகவும் அவள் பனைமர உயரமாகவும் தெரிந்தார்களாம். அப்புறம்தான் அந்த டன்னல்.

"மலை மாதிரி கட்டி வெச்சிகீறான். வாய்க்குப் பல்லு, கண்ணுக்கு செவப்பு லைட்டு. உள்ள இருட்டு. ரெண்டு ரெண்டு பேரா குந்தற மாதிரி சின்ன டிரக்கு, தண்டவாளம் மேல ஓடுது. பேய் காட்றானாம். ஜனம் காசு குடுத்துட்டு உள்ள போவுது! நான் இவராண்ட சொன்னேன், 'ஏங்க, நம்மூர்ல கூலி குடுத்து உள்ள அனுப்பறான், இங்க காசு வாங்கிகினு அனுப்பறானே'ன்னு."

எல்லாரும் சிரித்தோம்.

"இவரு வேணாம்னாரு. நான்தான் புடிவாதம் புடிச்சேன். பொம்பளைங்கள நம்ம சுரங்கத்துல வுடமாட்டாங்க. முப்பது வருசமா வாசல்லயே நின்னுட்டேன், உள்ள எப்படி கீதுன்னு ஒரு தபா பாக்கறேன்னு ஏறிக் குந்திட்டேன். இவரும் ஏறணுமில்ல? ஏறல. வாசல்ல நின்னுகினு மேல தட்டித் தட்டிப் பாக்கறாரு. அந்த சீனாக்காரப் பையன் குறுக்குக் கம்பியப் போட்டான், பொத்தான அமுக்கினான், டிரக்கு என்ன மட்டும் இட்னு பூட்ச்சி!"

மேஸ்திரி தட்டியது எங்களுக்குப் புதிதல்ல. சுரங்கத்துக்குள் மேல்பாறை சரியாமல் மரத்தால் முட்டுக்கொடுப்பதுதான் எங்கள் கேங்கின் வேலை. எந்த ஆழத்து லெவலில் நுழைந்தாலும் அவர் கடப்பாறையால் மேலே ஒரு தட்டுத் தட்டிக் கேட்காமல் அடுத்த அடி வைக்கமாட்டார். நல்ல பாறை கணீரென்று ஒலிக்கும். பிடி விட்டுப்போன பாறை காலிப் பானை மாதிரி சத்தம் போடும். அந்தச் சத்தம் கேட்டால் எல்லாரும் வெளியே ஓட வேண்டும். பேய் வீட்டு வாசலில் கடப்பாறை இல்லாததால் குடைக் காம்பால் தட்டினாராம்.

"உள்ள போய் ரெண்டு வளைவு திரும்பியிருக்கும். கரண்டு பூட்ச்சி. டிரக்கு நின்னுபோச்சி. கும்மிருட்டு. எதிர்ல இன்னாவோ வெள்ளையா தொங்குது. எலும்புக்கூடு. கைய நீட்டித் தொட்டேன். அட்டை!" என்று கையைத் தட்டினாள். "பின்னால டிரக்குல ஒரு பொண்ணு அழுவுது. இன்னா பாஷையோ. கையப் பின்னால நீட்டினேன், கெட்டியாப் புடிச்சிகிச்சு. அப்புறம் அது அழுவல. ரெண்டு பேரும் அப்பிடியே குந்திகினு இருந்தோம். சொகமா இருந்திச்சி."

"பயமே இல்லியாக்கா?" என்றேன்.

அக்கா என்னைப் பார்த்தாள். கேள்வியே அவளுக்குப் புரியாத மாதிரி இருந்தது.

"இன்னாத்துக்குப் பயம்? நான்தானே உள்ள கீறேன். நான் நல்லாக் கீறேன்னு எனக்குத் தெரியுதில்ல? வெளிய நிக்கிறவங்களுக்குத்தானே தெரியாது."

மேஸ்திரி பீடியைச் சுவரில் தேய்த்து அணைத்துவிட்டு எழுந்து உள்ளே போனார். கூட்டம் அதைக் கவனிக்கவில்லை. அக்கா பேரனின் சேட்டைகளுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் அவருக்கு லீவு முடிந்து முதல் ஷிப்ட். உள்ளே டிபன் நேரத்தில் நானும் அவரும் ஒரு மரக்கட்டை மேல் உட்கார்ந்திருந்தோம். அவர் டப்பாவைத் திறக்கவில்லை.

"அவ பாதிக் கதைதான்டா சொன்னா" என்றார். "வாசல்ல தட்டினேனா, காலிப் பானை சத்தம். அது பலகை, மேல பெயிண்டு அடிச்சிகீறான், புத்திக்குத் தெரியுது. காது ஒத்துக்கமாட்டேங்குது. முப்பது வருசமா அந்த சத்தத்துக்கு ஓடின காதுடா இது. சரி, இவள எறக்கிடலாம்னு திரும்பறேன், உள்ள பூட்டா. ஒடனே கரண்டும் பூட்ச்சி."

"அப்புறம்?"

"ஸ்டாப், ஸ்டாப், மேன் இன்சைடுன்னு கத்தறேன். அந்தப் பையன் சிரிக்கிறான். ஒண்ணுமில்ல, நல்லாக் கீறாங்க, கொஞ்ச நேரம்னு கையக் காட்றான். உள்ள எட்டிக்கூடப் பாக்காதவன் நல்லாக் கீறாங்கன்னு எப்படிடா சொல்லுவான்? எனக்கு அவன் கழுத்தப் புடிக்கணும்னு வந்துச்சி. பத்து நிமிசம். அதுக்கு மேல இருக்காது. அங்க கீற கம்பியப் புடிச்சிகினு நின்னேன். நம்ம வூட்டு வாசல்ல அவ நிப்பாளே, அப்பிடி."

டப்பாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மேலே எங்கேயோ தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"கரண்டு வந்திச்சி. சிரிச்சிகினே வெளிய வந்தா. நான் போய் அவ முழங்கையப் புடிச்சேன். புடிச்சப்புறம்தான்டா எனக்கு மூச்சே வந்திச்சி. அவ ஒண்ணியும் கேக்கல. என் கைமேல அவ கைய வெச்சா. அவ்ளோதான்."

அந்தப் பாதியை அக்கா எங்களிடம் சொல்லவில்லை என்பதை நான் அப்போது யோசித்தேன். அத்தனை பேர் முன்னால் அவர் பயந்ததைச் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை.

மூன்று மணிக்கு மேலே வந்தோம். வரிசையில் நின்றோம், தடவினார்கள், வெளியே வந்தோம். மேஸ்திரி வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. மதில் ஓரம், அக்கா முன்பு நின்ற இடத்தில் போய்க் குந்திவிட்டார்.

"இன்னா மேஸ்திரி, வாங்க போலாம்."

"அவ வரட்டும். வந்து பாத்தாத்தான் நான் வூட்டுக்கு வருவேன். போய் இட்னு வா."

கேட் ஆபீஸர் தன் அறை வாசலில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். சீக்கிரம் கூட்டிவந்து சீக்கிரம் முடித்துவிடலாம் என்று ஓட ஆரம்பித்தேன். அங்கேதான் நான் செய்த முட்டாள்தனம். சங்கு ஊதி, ஷிப்ட் விட்ட நேரத்தில், லைன் வீடுகளுக்கு நடுவே ஒருத்தன் தனியாக ஓடிவந்தால் அதற்கு எங்கள் ஊரில் ஒரே அர்த்தம்தான். வழியில் பெண்கள் வெளியே வந்து வாயைப் பொத்திக்கொண்டார்கள். அக்கா நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் ஓடிவருவதைப் பார்த்தாள். என் பின்னால் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை.

அவள் முகம் வெளுத்துப்போனதை நான் இன்னும் மறக்கவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"யக்கா! மேஸ்திரி நல்லாக் கீறாரு! கேட்டாண்ட குந்திகினு கீறாரு! நான் கண்ணால பாத்துட்டுத்தான் வரேன்!"

சொல்லச் சொல்லவே என் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அவளுடைய நைனாவைப் பற்றி வந்து சொன்னவனும் கிட்டத்தட்ட இதைத்தான் சொன்னான். அக்கா என்னைத் தாண்டி ஓடினாள். செருப்பு போடவில்லை. ஐம்பதைத் தொட்ட பொம்பளை, அந்த மேட்டில் நான் பிடிக்க முடியாத ஓட்டம் ஓடினாள். "யக்கா, நிசமா, நிசமாக்கா" என்று நான் பின்னால் கத்திக்கொண்டே ஓடினேன். என் வார்த்தைக்கு ஒரு செல்லாக்காசு மதிப்பு இல்லை.

கேட்டுக்கு முன்னால் ஷிப்ட் ஆட்கள் முழுக்க நின்றிருந்தார்கள். யாரும் வீட்டுக்குப் போகவில்லை. அவளைப் பார்த்ததும் மேஸ்திரி எழுந்தார். ஆனால் முதலில் அவளிடம் போகவில்லை. ஆபீஸர் முன்னால் போய்ச் சட்டையைக் கழற்றி அவரிடமே நீட்டினார். டப்பாவைத் திறந்து கவிழ்த்தார். இரண்டு கையையும் விரித்துக் காட்டினார்.

"சார், இன்னொரு தபா பாத்துக்குங்க. அப்பறம் இவ பாக்கட்டும். மேல எழுதணும்னா எழுதிக்குங்க. தெனம் ரெண்டு தபா வேணா பாருங்க. ஆனா இவ தொடாம நான் இங்கிருந்து போவமாட்டேன்."

ஆபீஸர் சட்டையை வாங்கவில்லை. ஓடிவந்து மூச்சிரைக்க நிற்கிற அக்காவைப் பார்த்தார். அவளுடைய வெறுங்காலைப் பார்த்தார். அவரும் மனுஷன்தானே. திரும்பி உள்ளே போய்விட்டார். அவர் மேலே எதையும் எழுதவில்லை, அதன்பிறகு அக்காவை நிறுத்தவும் இல்லை.

மேஸ்திரி வெறும் உடம்போடு அவள் முன்னால் வந்து கையை நீட்டினார்.

அக்கா முழங்கையை மட்டும் தொடவில்லை. தோள், கழுத்து, காது, தலை என்று எல்லாம் தொட்டாள். பிறகு அழுதாள். நான் அவள் அழுது பார்த்தது அன்றுதான். மேஸ்திரி, "இனிமே இங்கியே வந்து பாத்துக்க" என்றார். யாரும் சிரிக்கவில்லை. எனக்கு அப்பாடா என்றிருந்தது. இத்தனை மாதமாக நானும் எதையோ பிடித்துக்கொண்டுதான் நின்றிருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அக்கா என் பக்கம் திரும்பினாள். நான் கையை நீட்டினேன்.

பளாரென்று முழங்கையில் ஒன்று வைத்தாள். "ஓடியாடா வருவ, எருமை!"

அடித்த கையை எடுக்கவில்லை. அங்கேயே வைத்து ஒரு அழுத்து அழுத்திவிட்டு, வீட்டைப் பார்க்க நடந்தாள்.